கடவுச்சொல்லை இணையதளம் அறியலாமா?

கடவுச்சொல் மறந்துபோய்விட்டது என்று தெரிவித்தால் ஓர் இணையதளம் என்ன செய்கிறது என்பதைக் கவனித்தாலே அதன் பாதுகாப்பைப் பாதி எடைபோட்டுவிடலாம். பெரும்பாலான தளங்கள், புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ள மின்னஞ்சலில் ஓர் இணைப்பை அனுப்புகின்றன. சில தளங்களோ பழைய கடவுச்சொல்லையே எழுதி அனுப்பிவிடுகின்றன. நமக்கு இரண்டாவதுதான் வசதி. யோசித்துப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டிய தொல்லை இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சல் ஒரு விஷயத்தை ஐயமின்றி நிரூபிக்கிறது: நம் கடவுச்சொல் அங்கே யாரும் படிக்கக்கூடிய வடிவில், அல்லது படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்ற வழியுள்ள நிலையில் கிடக்கிறது. ஒழுங்காகக் கட்டப்பட்ட தளம் விரும்பினாலும் அதை நமக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கே தெரியாது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று என்று பயனரிடம் கெடுபிடி காட்டும் தளங்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் கடவுச்சொற்கள் கோடிக்கணக்கில் களவுபோன பெரும் சம்பவங்கள் பலவற்றில் கோட்டைவிட்டது பயனர் அல்ல, அவற்றைச் சேமித்து வைத்த நிறுவனம். உள்நுழைவின் பாதுகாப்பு முதலில் சர்வர் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் கடவுச்சொல் எவ்வளவு சிக்கலானது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுப் படத்தைக் காட்டும். தளம் ஹெச்டிடிபிஎஸ் வழியாக இயங்குகிறது, எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது, பிறகென்ன பயம் என்று கேட்பார்கள். அந்தப் பூட்டு உண்மையானதுதான், மதிக்கத்தக்கதும்கூட. இதற்கு முன் சந்தித்தே இராத இரண்டு கணினிகள், ஊரறியப் பேசிக்கொண்டே தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். இன்று நம் உலாவி ஒவ்வொரு தளத்தோடும் நொடிப்பொழுதில் செய்துகொள்ளும் ஏற்பாட்டின் அடிப்படை அதுவே. அது இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2010 அக்டோபரில் வெளியான ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வெட்டவெளிச்சமாக்கியது. அன்று பல பெரிய தளங்கள் கடவுச்சொல் போகும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, மற்ற பக்கங்களைத் திறந்தபடியே விட்டிருந்தன. உள்நுழைந்த பிறகு உலாவி ஒவ்வொரு முறையும் அனுப்பும் குக்கீயை, பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசையில் இருப்பவர் பிடித்துக்கொண்டு நம் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். ஃபயர்ஷீப் அதை ஒரு சொடுக்கில் செய்து காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களுக்கும் மறையாக்கத்தைக் கொண்டுவந்தன. ஆனால் இவை யாவும் வழித்துணை மட்டுமே. சர்வரை அடைந்ததும் மறையாக்கம் அவிழ்க்கப்படுகிறது. நாம் தட்டிய கடவுச்சொல் சர்வரின் நினைவகத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. அதன்பின் அதை என்ன செய்கிறார்கள் என்பது பற்றி அந்தப் பூட்டுப் படம் எதையும் சொல்வதில்லை.

கணினிக் கடவுச்சொல்லின் வரலாறு தொடக்கத்திலேயே இந்த இடத்தில்தான் இடறி விழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள்; ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அத்தனை கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் வெறும் எழுத்தாக இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை என்பதற்காக, அந்தக் கோப்பை அச்சிடும்படி துளையட்டையில் ஒரு கோரிக்கை கொடுத்தார். முழுப் பட்டியலும் அச்சாகிக் கைக்கு வந்தது. சில ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் மோசம். உள்நுழையும் எல்லோருக்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பை ஒரு நிர்வாகியும், கடவுச்சொல் கோப்பை இன்னொரு நிர்வாகியும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தும் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. யாரும் ஊடுருவவில்லை, யாரும் சதி செய்யவில்லை. இருக்கவே கூடாத ஒரு கோப்பு இருந்தது; எப்படியோ வெளியே வந்தது.

அந்தக் கோப்பே தேவையில்லை என்பதைக் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் கண்டார். மாரிஸ் வில்க்ஸ் 1968இல் எழுதிய நூலில் அந்த யோசனை பதிவாகியிருக்கிறது. சர்வருக்குத் தெரிய வேண்டியது கடவுச்சொல் என்ன என்பதல்ல. இப்போது தட்டப்பட்டதும் முன்பு பதிவு செய்யப்பட்டதும் ஒன்றுதானா என்பது மட்டுமே. இதற்கு, ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் செய்ய முடியாததாகவும் உள்ள கணக்கீடு ஒன்று போதும். அரிசியை மாவாக அரைக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. ஆனால் இதே அரிசியை இதே இயந்திரத்தில் மறுபடி அரைத்தால் அச்சு அசலாக அதே மாவு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேஷ் எனப்படும் கணக்கீடு இத்தகையது. எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய ஹேஷ் முறையில் ஒரே ஒரு எழுத்தைக் கொடுத்தாலும் ஒரு முழு நூலைக் கொடுத்தாலும் 40 குறிகள் கொண்ட விடைதான் கிடைக்கும். உள்ளே ஓர் எழுத்தை மாற்றினால் விடை அடியோடு மாறிவிடும். சர்வர் அந்த விடையை மட்டும் சேமித்துக்கொண்டு கடவுச்சொல்லை அந்த நொடியே மறந்துவிடலாம். அடுத்த முறை நாம் தட்டியதை மறுபடி கணக்கிட்டு, இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் கதவைத் திறக்கலாம்.

ஏன் இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டும், கடவுச்சொற்களை நல்ல சாவியால் மறையாக்கம் செய்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். மறையாக்கம் என்றாலே திரும்ப அவிழ்க்க ஒரு சாவி இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு உள்நுழைவிலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சாவி சர்வருக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தரவுத்தளம் வரை வந்த திருடனுக்கு அதுவும் எட்டலாம். எட்டாவிட்டாலும் ஆபத்து தீர்வதில்லை என்பதற்கு 2013இல் அடோபி நிறுவனத்துக்கு நேர்ந்தது சான்று. சுமார் 15 கோடிக் கணக்குகளின் பதிவுகள் வெளியே கசிந்தன. கடவுச்சொற்கள் ட்ரிபிள் டெஸ் என்ற முறையில், எல்லோருக்கும் ஒரே சாவியால், எட்டு எட்டு எழுத்துத் துண்டுகளாக மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஒரே கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருந்தாலும் மறையாக்கப்பட்ட வடிவமும் ஒன்றே. அதன் பக்கத்திலேயே, மறந்தால் நினைவூட்டப் பயனர்கள் எழுதிவைத்த குறிப்புகள் வெறும் எழுத்தாக இருந்தன. அந்தக் கோப்பைக் கண்முன் வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்: ஒரே குறித்தொடர் ஆயிரக்கணக்கான வரிகளில் வருகிறது, ஒருவர் தன் குறிப்பில் ‘வழக்கமானதுதான்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘ஒன்று முதல் ஆறு’ என்று எழுதியிருப்பார். முதலாமவர் எவ்வளவு ஜாக்கிரதையாக வாயை மூடிக்கொண்டிருந்தாலும் இரண்டாமவர் அவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். சாவி இல்லாமலேயே ஆய்வாளர்கள் மிகப் பரவலான கடவுச்சொற்களை வாசித்துவிட்டார்கள். 123456 என்பதை மட்டும் சுமார் 19 லட்சம் பேர் வைத்திருந்தார்கள்.

ஒரே கடவுச்சொல்லுக்கு ஒரே விடை என்ற இந்தக் குறை வெறும் ஹேஷுக்கும் உண்டு. அதற்கான மருந்தை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். இந்தத் துறையில் இன்றும் ஊன்றிப் படிக்கத் தக்கது அது. யுனிக்ஸ் அமைப்பில் அவர்கள் ஒவ்வொரு பயனருக்கும் ‘சால்ட்’ எனப்படும் ஒரு சீரற்ற எண்ணைக் கொடுத்து, அதையும் கணக்கீட்டில் கலந்தார்கள். அதனால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இருவருக்கும் வெவ்வேறு விடைகள் பதிவாகும். சால்ட் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை, விடையின் அருகிலேயே எழுதிவைக்கலாம். திருடனின் வேலையை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பிரித்துவிடுவதே அதன் பணி. முன்கூட்டியே கோடிக்கணக்கான சொற்களுக்கு விடை கணக்கிட்டு வைத்த அட்டவணைகள் அதன்முன் உதவாது. அவர்கள் கண்டறிந்த இன்னொன்று இதைவிட முக்கியம். முதலில் பயன்படுத்திய கணக்கீடு, இரண்டாம் உலகப் போர்க்கால மறையாக்கக் கருவி ஒன்றைப் பின்பற்றியது. அது மிக வேகமாக ஓடியது. வேகம்தான் குறை. திருடன் மாவை அரிசியாக்க முயல்வதில்லை. வாய்ப்புள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிட்டு, விடை பொருந்துகிறதா என்று பார்க்கிறான். கணக்கீடு வேகமாக இருந்தால் அவன் ஊகமும் வேகமாகும். ஆகவே டெஸ் என்ற மறையாக்கத்தை 25 முறை திரும்பத் திரும்ப ஓட்டி, வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள்.

இந்தப் பாடம் 1979இலேயே அச்சில் இருந்தது. 2012 ஜூனில் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியான 65 லட்சம் ஹேஷ்கள் எஸ்ஹெச்ஏ-1 முறையில், சால்ட் இல்லாமல் இருந்தன. அந்தக் களவில் போனவை உண்மையில் 11 கோடிக்கும் மேல் என்பது 2016இல்தான் தெரியவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்திருந்த தற்காப்பைக் கணினித் தொழிலின் நடுவிலேயே இருந்த ஒரு நிறுவனம் செய்யாமல் விட்டது. இதை அசட்டை என்றுதான் சொல்ல வேண்டும். இதன் விலை என்ன என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சிறிய ஆங்கில எழுத்துகள் எட்டு கொண்ட கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,900 கோடி. 2022இல் கடைக்கு வந்த, விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒற்றை கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குச் சுமார் 5,000 கோடி எஸ்ஹெச்ஏ-1 கணக்குகளைப் போடுகிறது. அத்தனை கடவுச்சொற்களையும் முயன்று முடிக்க நான்கு நொடி போதும். சால்ட் இல்லையென்றால் அந்த நான்கு நொடியில் ஒருவருடையது மட்டுமல்ல, அப்படிக் கடவுச்சொல் வைத்த எல்லோருடையதும் போய்விடும். நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியேரும் 1999இல் வெளியிட்ட பீகிரிப்ட் முறை, வேண்டிய அளவுக்கு மெதுவாக்கிக்கொள்ள வசதி உள்ளது. சோதனைக்கு வைக்கும் மிகக் குறைந்த அளவில்கூட அதே அட்டையால் நொடிக்கு 1.84 லட்சம் முயற்சிகளே முடியும். அதே வேலைக்குப் பதின்மூன்று நாள் ஆகும். தளங்கள் பரவலாக வைக்கும் 12 என்ற அளவில் அது இன்னும் 128 மடங்கு மெதுவாகி, ஒரே ஒரு கணக்குக்கு நான்கரை ஆண்டுகளைத் தாண்டுகிறது. பயனர் எதையும் மாற்றவில்லை, அதே எட்டு எழுத்துதான். நான்கு நொடியை நான்கரை ஆண்டாக்கியது சர்வரில் எழுதப்பட்ட ஒரு வரி நிரல். 2015இல் நடந்த கடவுச்சொல் ஹேஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2, நேரத்தோடு நினைவகத்தையும் ஏராளமாகக் கேட்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குப்பொறிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் அட்டைகளுக்கு அது இன்னும் பெரிய தடை.

மெதுவான கணக்கீடு நேர்மையான சர்வருக்கும் சுமைதானே என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. உண்மைதான், ஒரு உள்நுழைவுக்குக் கால் நொடி அளவுக்குச் செலவாகலாம். அதைப் பயன்படுத்திச் சர்வரைத் திணறடிக்கவும் யாரேனும் முயலலாம், அதனால் முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நாம் எப்போதாவது ஒருமுறைதான் உள்நுழைகிறோம். திருடன்தான் ஆயிரம் கோடிகளில் முயல்கிறான். கால் நொடி நமக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சர்வர் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனர் 123456 என்று வைத்தால் யார் என்ன செய்ய முடியும்? மோரிஸும் தாம்சனும் சேகரித்துப் பார்த்த 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகக் குறுகியவை அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் உள்ளவை; 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து வெறும் எழுத்தாகவே கசிந்த 3.2 கோடி கடவுச்சொற்களிலும் 123456தான் முதலிடம். முதல் பத்தே ஊகங்களில் பிடிபடும் ஒன்றை எந்த மெதுவான ஹேஷும் காப்பாற்றாது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்குத் தொழில் கண்டுபிடித்த வைத்தியம் தவறானது. பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் கட்டாயம், 90 நாளுக்கொருமுறை மாற்றம் கட்டாயம் என்ற விதிகளுக்கு வழிவகுத்த 2003ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் வழிகாட்டியை எழுதிய பில் பர், அவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். மனிதர்கள் கட்டாயத்துக்குத் தலையாட்டி, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1ஐயும் வியப்புக்குறியையும் ஒட்டவைக்கிறார்கள். ஊகிக்கும் மென்பொருளுக்கு அது அத்துப்படி. அந்த வழிகாட்டியை வெளியிட்ட என்ஐஎஸ்டி நிறுவனமே 2017இல் அந்த விதிகளைக் கைவிட்டது. நீளமான கடவுச்சொல்லை அனுமதியுங்கள், ஏற்கெனவே கசிந்தவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மட்டும் மறுத்துவிடுங்கள் என்றது.

கசிந்ததா என்று சரிபார்க்க நம் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். ட்ராய் ஹன்ட் என்பவர் நடத்தும் கசிவுப் பட்டியலில் 2018 முதல் இதற்கு அழகான விடை இருக்கிறது. நம் கணினியே கடவுச்சொல்லின் எஸ்ஹெச்ஏ-1 விடையைக் கணக்கிட்டு, 40 குறிகளில் முதல் ஐந்தை மட்டும் அனுப்பும். ‘பாஸ்வேர்டு’ என்ற சொல்லைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் அந்த ஐந்து குறிகள் 5பிஏஏ6. அதில் தொடங்கும், கசிந்த ஹேஷ்கள் நூற்றுக்கணக்கானவற்றை அந்தச் சர்வர் திருப்பி அனுப்புகிறது. நம்முடையது அவற்றில் இருக்கிறதா என்று நம் கணினியே தேடிக்கொள்கிறது. கேட்டவர் எதைக் கேட்டார் என்பது சர்வருக்குக் கடைசிவரை தெரியாது, வேலையும் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் உள்நுழையும்போதும் உலாவியிலேயே ஹேஷ் செய்து அனுப்பிவிட்டால் சர்வர் கடவுச்சொல்லைப் பார்க்கவே வேண்டாமே என்று தோன்றும். கவர்ச்சியான யோசனை, அதை மட்டும் செய்தால் வீண். சர்வர் எதை வாங்கி எதோடு ஒப்பிடுகிறதோ அதுவே உண்மையான கடவுச்சொல். உலாவியிலிருந்து வரும் ஹேஷை சர்வர் சேமித்த ஹேஷோடு நேரடியாக ஒப்பிட்டால், தரவுத்தளத்தைத் திருடியவன் எதையும் உடைக்க வேண்டாம். சேமித்ததை அப்படியே அனுப்பி உள்ளே வந்துவிடுவான். இருந்தாலும் அந்த யோசனைக்குப் பின்னால் உள்ள கவலை நியாயமானது. 2018 மே மாதம் ட்விட்டர், தன் பயனர்கள் எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொன்னது. அது முறையாக பீகிரிப்ட் பயன்படுத்தியது. ஆனால் ஹேஷ் செய்வதற்கு முந்தைய கணத்தில் ஒரு பிழையால் கடவுச்சொற்கள் உள்பதிவேட்டில் எழுதப்பட்டுவந்தன. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் தன் உள் அமைப்புகளில் வெறும் எழுத்தாகக் கிடந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கடவுச்சொல் சர்வருக்குள் ஒரு கணம் வந்துபோவதே ஆபத்து என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கணத்தையும் ஒழிப்பதுதான் பாஸ்கீ. நம் கைபேசி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்குகிறது. பொதுச்சாவி சர்வருக்குப் போகிறது. தனிச்சாவி அங்கே போவதே இல்லை. உள்நுழையும்போது சர்வர் ஒரு புதிய சீரற்ற எண்ணை அனுப்ப, கைபேசி அதில் தனிச்சாவியால் கையொப்பமிட்டுத் திருப்புகிறது; பொதுச்சாவியால் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்கான வெப்ஆத்தென் தரம் 2019 மார்ச்சில் உறுதியானது; 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவை அறிவித்தன. சர்வரை முழுதாகக் கொள்ளையடித்தாலும் கிடைப்பவை பொதுச்சாவிகள் மட்டுமே. அவற்றால் யாரும் உள்ளே நுழைய முடியாது. இன்னொரு பயன், நம் நாட்டில் இதைவிட அவசரமானது. இணையத்தில் கார்டு வழியே பணம் செலுத்த 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது, அது நடைமுறையில் எஸ்எம்எஸ் ஓடிபியாக நிலைத்தது. போலித் தளத்தில் ஓடிபியைத் தட்ட வைத்தோ, போனில் பேசிக் கேட்டு வாங்கியோ மோசடிக்காரர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். பாஸ்கீ தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. ஓரெழுத்து மாறிய போலி முகவரியில் அது இயங்காது, போனில் படித்துச் சொல்லவும் அதில் எதுவும் இல்லை.

கைபேசி தொலைந்தால் என்ன செய்வது, எல்லாச் சாவிகளும் இரண்டு மூன்று பெரும் நிறுவனங்களின் கணக்குகளுக்குள் போய்ச் சேர்வது நல்லதா என்ற கேள்விகள் நியாயமானவை. முழு விடையும் இன்னும் இல்லை. சாவிகள் மற்ற கருவிகளுக்கும் நகலாகின்றன என்பதால் தொலைந்தவற்றை மீட்க முடியும், ஆனால் அந்த மீட்பு வழியே புதிய பலவீனமாகவும் ஆகலாம். பாஸ்கீ வைத்திருக்கும் தளங்கள் பலவும் பக்கத்திலேயே பழைய கடவுச்சொல் கதவையும் திறந்தே வைத்திருக்கின்றன. அந்தக் கதவு இருக்கும்வரை பீகிரிப்டும் ஆர்கான்2வும் வேண்டியிருக்கும். அவை பயன்படுகின்றனவா என்று தளத்தின் வெளியே நிற்கும் நம்மால் பார்த்து அறிய முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள்’ செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. நியாயமானது எது என்று முடிவுசெய்யும்போது, கடவுச்சொல் எந்த முறையில், எந்த அளவில் ஹேஷ் செய்யப்படுகிறது, பதிவேடுகளில் அது எங்காவது தங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் களவு நடக்கும் முன்பே கேட்டு, பதிலைப் பயனர்கள் பார்க்கும்படி வெளியிட வைக்க வேண்டும்.